நாய் நகம்: வாரம் ஒரு மில்லிமீட்டர் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய் வீட்டுக்குள் நடக்கும்போது டைல்ஸ் தரையில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால், நகம் அளவுக்கு மேல் வளர்ந்துவிட்டது என்று பொருள். நாயை நேராக நிற்க வைத்து, நகத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால், நாய் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தரை அந்த நகத்தை மேலே தள்ளுகிறது, விரல் கோணுகிறது. வலி பொறுக்காமல் நாய் பாரத்தைப் பின்பக்கமாக மாற்றி நடக்கப் பழகிக்கொள்ளும். இடுப்பு மூட்டு தேய்ந்த வயதான லாப்ரடாருக்கு இது அன்றாட வேதனை. வழுக்கும் தரையில் எழுந்திருக்கவே திணறும்.

மண் தெருவிலும் வரப்பிலும் ஓடித் திரியும் நாய்க்கு நகம் தானாகத் தேய்ந்துவிடும். அடுக்குமாடியில் வளரும் நாய்க்குத் தேய வழியில்லை. எங்கே ஓடினாலும் தேயாத நகமும் ஒன்று உண்டு. முன்னங்காலின் உட்புறத்தில், பாதத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் கட்டைவிரல் நகம்தான் அது. தரையில் படாததால் வளைந்து வளைந்து வட்டமாகி, கடைசியில் சதைக்குள்ளேயே இறங்கிவிடும். முடி அடர்ந்த பொமரேனியன், ஷிட்சூ போன்ற நாய்களில் சீழ் பிடித்து நாற்றம் வரும் வரை வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. பெரும்பாலான நாய்களுக்கு முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நான்கு நான்கு என்று மொத்தம் 18 நகங்கள். சிலவற்றுக்குப் பின்னங்காலிலும் கட்டைவிரல் இருக்கும். எண்ணிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பல வீடுகளில் ரத்தம் வந்துவிடுமோ என்று பயந்து ஐந்தாறு மாதம் நகத்தைத் தொடுவதே இல்லை. பிறகு ஒரு நாள் நாலு பேர் சேர்ந்து நாயை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒட்ட வெட்டிவிடுங்கள், இனி ஆறு மாசத்துக்குக் கவலை இல்லை" என்கிறார்கள். ரத்தம் வருவதே இதனால்தான். நகத்தின் நடுவே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் சதை இருக்கிறது. நகத்தை வளரவிட்டால் அந்த உள்சதையும் கூடவே நீளும். நீண்டுபோன நகத்தை ஒரே மூச்சில் குட்டையாக்கப் போனால் உள்சதை வெட்டுப்படாமல் தப்பாது. வாரம் ஒரு முறை நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிக்கொண்டே வாருங்கள். உள்சதை மெல்லப் பின்வாங்கும். அது பின்வாங்கப் பின்வாங்க நகத்தையும் குறைக்கலாம். நகம் சரியான நீளத்துக்கு வந்த பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை வெட்டினால் போதும்.

நாம் பயன்படுத்தும் நகவெட்டி இதற்கு ஆகாது. அது தட்டையான நகத்துக்குச் செய்தது. உருண்டையான நாய் நகத்தை இரு பக்கமும் நசுக்கி நெடுக்கப் பிளந்துவிடும். குறடு போன்ற பிடியும் அரைவட்ட வாயும் கொண்ட நாய் நகவெட்டிதான் கைக்கு அடங்கும். வளையத்துக்குள் நகத்தை நுழைத்து வெட்டும் வகை சின்ன நாய்களுக்குச் சரி, தடித்த நகத்துக்கு ஒத்துவராது. எதை வாங்கினாலும் வாய் மழுங்கவிடாதீர்கள். மழுங்கிய நகவெட்டி நகத்தை நசுக்கும்; அந்த அழுத்தம் உள்சதை வரை போகும். ஒரு சொட்டு ரத்தம் வராவிட்டாலும் நாய்க்கு அது வலிதான். நகவெட்டியைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளியும் நாய்களில் பலவற்றுக்கு இந்த அனுபவம் இருக்கும். சுழலும் மின் அரத்தால் தேய்ப்பதும் நல்ல முறைதான். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் நகம் சூடேறிச் சுடும். பாதத்து முடியும் அதில் சுற்றிக்கொள்ளும். பழைய காலுறையை மாட்டி, நகங்களை மட்டும் துணியைத் துளைத்து வெளியே தள்ளிவிட்டால் முடி சிக்காது.

குளிப்பாட்டிய பிறகு நகம் ஊறியிருக்கும், வெட்டுவது எளிது. பகல் வெளிச்சத்தில், கால்நடை மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் செய்வது புத்திசாலித்தனம். புது நாய்க்கு முதல் சில நாட்கள் வெட்டவே வேண்டாம். பாதத்தைத் தொடுவது, ஒவ்வொரு விரலாக லேசாக அழுத்துவது, உடனே வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கொடுப்பது, அவ்வளவுதான். அடுத்து, நாயின் பக்கத்தில் உட்கார்ந்து தென்னை ஈர்க்குச்சியை நகவெட்டியால் நறுக்குங்கள். அந்த 'க்ளிக்' சத்தம் காதுக்குப் பழக வேண்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு கறி. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் கொடுக்கக் கூடாது. அவை நாய்க்கு விஷம். பழகிய பிறகு ஒரு நாளைக்கு ஒரு கால் போதும். 18 நகத்தையும் ஒரே மூச்சில் முடித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

கால் பிடிப்பதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். எதிரே உட்கார்ந்து காலைப் பக்கவாட்டில் இழுத்தால் நாய்க்குத் தோள் வலிக்கும். அது உதறுவது நகவெட்டிக்குப் பயந்து என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குதிரைக்கு லாடம் அடிப்பவர் காலைப் பின்னால் மடக்கிப் பிடிப்பார் இல்லையா, அப்படியே நாயின் பக்கத்தில் நின்று, நடக்கும்போது மடங்கும் திசையிலேயே மடக்கித் தூக்குங்கள். உங்கள் கட்டைவிரலைப் பாத மெத்தையிலும் ஆள்காட்டி விரலை நகத்துக்கு மேலே உள்ள தோலிலும் வைத்து மெதுவாக அழுத்தினால் நகம் வெளியே நீளும். முடி மறைத்தால் ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள்.

வெளுத்த நகத்தில் உள்சதை இளஞ்சிவப்பாகத் தெரியும்; ராஜபாளையம் நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி உண்டு. சிவப்பு முடியும் இடத்துக்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் வெளியே இருந்து ஒன்றும் தெரியாது. அங்கே நமக்கு வழிகாட்டுவது வெட்டிய முகம். நுனியிலிருந்து மெல்லிய சீவலாக ஒன்று எடுத்துவிட்டு நகத்தை நேருக்கு நேர் பாருங்கள். முதலில் சுண்ணாம்புத் தூள் போல உலர்ந்து வெளுத்திருக்கும்; இன்னும் வெட்டலாம். அடுத்தடுத்த சீவலில் நடுப்பகுதி சாம்பல் நிறமாகி, ஈரம் பட்டதுபோல லேசாகப் பளபளக்கும். அதன் மையத்தில் ஒரு கரும்புள்ளி தோன்றியதும் கையை எடுத்துவிட வேண்டும். இன்னொரு சீவல் எடுத்தால் ரத்தம்தான். ஒரு நகத்தில் இத்தனை மில்லிமீட்டர் வெட்டினோம், அடுத்ததிலும் அதே அளவு வெட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே காலில் உள்ள நகங்கள்கூட ஒன்றுபோல் தேய்வதில்லை.

அப்படியும் ரத்தம் வந்துவிட்டால் பதற வேண்டாம். நீங்கள் கத்தினால் நாய் ஓடும், ஓடினால் ரத்தம் நிற்காது. படிகாரத்தைப் பொடித்து ஒரு சின்ன டப்பாவில் முன்கூட்டியே வைத்திருங்கள். சில ஊர்களில் இதைச் சீனக்காரம் என்பார்கள். செல்லப்பிராணிக் கடைகளில் இதற்கென்றே ரத்தம் நிறுத்தும் பவுடரும் கிடைக்கும். ஒரு சிட்டிகை எடுத்து நகத்தின் நுனியில் அப்பி, பஞ்சு வைத்து இரண்டு மூன்று நிமிடம் கையை எடுக்காமல் அழுத்துங்கள். முதலில் எரியும், காலை இழுக்கும், விட்டுவிடாதீர்கள். ஒன்றும் இல்லாவிட்டால் சோளமாவு போதும். நின்றுவிட்டதா என்று அரை நிமிடத்துக்கு ஒரு முறை பஞ்சைத் தூக்கிப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் பிழை. உறையத் தொடங்கிய ரத்தம் பஞ்சோடு பிய்ந்து வந்துவிடும். சுண்ணாம்பு வைக்கக் கூடாது, புண்ணைப் பொசுக்கிவிடும். காப்பித்தூளும் வேண்டாம், நாய் நக்கினால் கெடுதல். வலிக்கிறதே என்று நமது வலி மாத்திரையைக் கொடுப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. இபுபுரூஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். அன்று முழுவதும் மண்ணிலும் ஈரத்திலும் விடாமல் வைத்திருந்தால் போதும்.

வெட்டிய நகத்தில் ரத்தம் சில நிமிடங்களில் நிற்க வேண்டும். சரியாக அழுத்தியும் 20 நிமிடத்துக்கு மேல் கசிந்துகொண்டே இருந்தால் குறை நகவெட்டியில் இல்லை, நாயின் ரத்தத்தில் இருக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் உண்ணிக்குப் பஞ்சமே இல்லை. பழுப்பு நிற நாய் உண்ணி பரப்பும் எர்லிகியா என்ற கிருமி ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். நாய் கொஞ்சம் சோர்வாக இருக்கிறது, சாப்பாடு குறைந்திருக்கிறது என்பதைத் தவிர வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கும். ஈறிலும் அடிவயிற்றுத் தோலிலும் கடுகு அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில வகை எலி விஷத்தைத் தின்ற நாய்க்கும் ரத்தம் உறையாது. டாபர்மேன் இனத்தில் பிறவியிலேயே உறைதல் குறை உள்ள நாய்கள் உண்டு. எதுவானாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

சதைக்குள் இறங்கிய நகம், அடிவரை பிளந்து தொங்கும் நகம், வீங்கிய விரல் ஆகியவற்றில் வீட்டில் கை வைக்காதீர்கள். உறுமிக் கடிக்க வரும் நாயையும் கட்டிப் போட்டு வெட்ட வேண்டாம். துணியால் வாயை இறுக்கிக் கட்டினால் நாயால் வாயைத் திறந்து மூச்சிரைக்க முடியாது, வெயில் நாளில் உடம்பு சூடாகிவிடும். பக் போன்ற தட்டை மூக்கு நாய்க்குத் துணியால் வாயைக் கட்டவே கூடாது. அதற்காக நமது தூக்க மாத்திரையைக் கொடுப்பதும் தவறு. மயக்க மருந்து தேவையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நகம் வெட்டும்போது நாய் கீறிவிட்டாலோ பல் பட்டுவிட்டாலோ, தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் நாய் நகத்தைக் குட்டையாக வைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

ஆண்டுதோறும் ஜூலை 6 (விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான உலக தினம்), செப்டம்பர் 28 (உலக வெறிநாய்க்கடி நோய் தினம்) ஆகிய நாட்களையொட்டி வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன. நாயும் வளர்ப்பவரும் மருத்துவரும் ஒரே இடத்தில் இருக்கும் நேரம் அது. ஊசி போட்ட கையோடு நாயின் கட்டைவிரல் நகத்தைப் பார்த்து, ஒரு நகத்தை வெட்டிக் காட்டி, கரும்புள்ளி எங்கே தெரியும் என்று வளர்ப்பவரிடம் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். கால்நடை பராமரிப்புத் துறை இதை முகாம்களில் சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாய் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
மதுரை.