கத்தரி போடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழின் சினிமா பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவள் நான். சினிமாவை ஆராய்ச்சி செய்து பார்ப்பவள் இல்லை. வீட்டிலேயே தையல் வேலை. மதியம் மிஷின் ஓடும்போது டிவியும் ஓடும். இரவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஓடிடியில் ஏதாவது பார்ப்போம். நாலு பேர் நல்ல படம் என்று சொன்னால் தியேட்டருக்குப் போவோம். அப்படிப் பார்க்கிற ஒருத்தியாகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் விமர்சனங்களின் கடைசிப் பத்தியில் அடிக்கடி ஒரு வரி வருகிறது: எடிட்டர் இன்னும் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம் என்று. நல்ல படத்துக்கும் அதே வரி, சுமாரான படத்துக்கும் அதே வரி. எந்தக் காட்சிக்குக் கத்தரி, ஏன் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

'மெய்யழகன்' படத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பர் 27 அன்று வந்தபோது அது கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். நீளம் நீளம் என்று எல்லாப் பக்கமும் பேச்சு எழுந்தது. சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களை எடுத்துவிட்டார்கள். எனக்கு அது இன்றுவரை மனசு ஆறவில்லை.

எங்கள் பக்கத்துக் கதை அது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போன குடும்பத்தின் பிள்ளை, 20 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். மண்டபத்தில் ஒருவர் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார், சாப்பிட வைக்கிறார், விடாமல் பேசுகிறார். இவனுக்கு அவர் யார், பெயர் என்ன என்று ஒன்றும் ஞாபகம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டு அவர் வீட்டிலேயே இரவு தங்க வேண்டியதாகிறது. விடிய விடியப் பேச்சு. அந்த இரண்டாம் பாதியைத்தான் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பலர் குறை சொன்னார்கள்.

அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் என்ன இருக்கிறது? ஒரு மனிதர் மணிக்கணக்காக நம்மேல் பாசத்தைக் கொட்டுகிறார், நமக்கோ அவர் பெயர்கூடத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் என்றால் சிரித்துச் சமாளித்துவிடலாம். நேரம் ஆக ஆகத்தான் குற்ற உணர்ச்சி ஏறுகிறது. சாப்பாடு, சைக்கிள் கதை, வீட்டுக்காரியின் உபசாரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் அவன் விடியும் முன்னே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறான். பேச்சு குறைந்தால் அந்தக் கிளம்பலுக்குக் காரணமும் குறைந்துபோகிறது. ஊருக்கு வந்தவனாக நடித்த அரவிந்த்சாமியின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிற அந்தச் சங்கடத்துக்கு அத்தனை நிமிடமும் வேண்டும். கல்யாண மேடையில் அவர் தங்கையின் காலில் கொலுசு மாட்டிவிடும் காட்சியையும் அவசரமில்லாமல்தான் எடுத்திருக்கிறார் இயக்குநர் பிரேம்குமார். நான் தியேட்டரில் பார்த்தபோது பக்கத்து வரிசையில் ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அங்கே யாரும் மணி பார்க்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் 'புஷ்பா 2' வந்தது. 3 மணி 20 நிமிடம். ஜனவரியில் இன்னும் 20 நிமிடம் சேர்த்து மறுபடி தியேட்டரில் விட்டார்கள். அந்தப் படத்தை விரும்பிப் பார்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், என் மகனும் அவர்களில் ஒருவன்தான். ஆனால் அடிதடிக்கு 20 நிமிடம் கூட்டலாம், இரண்டு உறவுக்காரர்கள் மனசுவிட்டுப் பேசுவதில் 18 நிமிடம் குறைக்க வேண்டும் என்றால், ஜனங்களுக்குப் பொறுமை இல்லை என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறதா? ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று தயாரிக்கிறவர்களும் விநியோகிக்கிறவர்களும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். முதல் வார விமர்சனங்கள் அந்த முடிவுக்குக் கைகொடுக்கின்றன.

எல்லா வெட்டும் தப்பு என்று சொல்லவில்லை. 'கோப்ரா' 2022-ல் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடியது, 20 நிமிடம் குறைத்தார்கள். 'இந்தியன் 2' படத்திலும் வெளியான பிறகு சுமார் 12 நிமிடம் குறைத்தார்கள். அந்தக் குறைப்புகளுக்காக நான் வருத்தப்படவில்லை. 'கோப்ரா'வில் யாரைப் பிடித்துக்கொண்டு கதையைத் தொடர்வது என்றே தெரியவில்லை. அதை இரண்டு மணி நேரமாக்கியிருந்தாலும் அதே கதிதான். கத்தரி கதையைச் சரி செய்யாது. அப்போதும் நீளம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால், கதையில் என்ன கோளாறு என்று பேசாமலே போய்விடுகிறோம்.

சின்னப் படங்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' ஒன்றேகால் மணி நேரம்தான். குடிகார அப்பனும் பையனும் வெயிலில் நடக்கிறார்கள். அவருடைய 'கொட்டுக்காளி' பின்னணி இசையே இல்லாமல் 2024 ஆகஸ்டில் வந்தது. ஒரு குடும்பம் ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடியிடம் போகிறது, பெண் வாயே திறப்பதில்லை. இரண்டையும் பற்றி என் காதில் விழுந்தது ஒரே விமர்சனம்: ஒன்றுமே நடக்கவில்லை, இழுவை. 'கொட்டுக்காளி'யில் ஒரு காளை வழிமறித்து நிற்கிறது. அத்தனை ஆம்பிளைகளும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு போகிறாள். அந்தக் குடும்பத்தைப் பற்றி இதைவிட என்ன நடக்க வேண்டும்? எனக்கும் முடிவு கொஞ்சம் சட்டென்று நின்றதுபோல்தான் இருந்தது. ஆனால் அது அப்புறம் பல நாள் யோசிக்க வைத்தது.

சரி, இழுவை என்ற வார்த்தைக்கு உண்மையில் உரிய இடத்துக்கு வருகிறேன். நான் தினமும் சீரியல் பார்க்கிறவள், அதனால் உரிமையோடு சொல்கிறேன். 'எதிர்நீச்சல்' 2022-ல் தொடங்கியபோது எங்கள் தெருவே பார்த்தது. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் பூட்டி வைக்கிற வீடு. சமையலறையில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டால் நம் வீட்டில் யாரோ ஒட்டுக்கேட்டு எழுதியது மாதிரி இருக்கும். ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்ததை மறக்க முடியுமா? 2023 செப்டம்பரில் அவர் இறந்த செய்தி வந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அதன் பிறகு கதை ஒரே இடத்தில் சுற்றியது. கன்னத்தில் ஒரு அறை விழுந்தால், கூடத்தில் நிற்கும் அத்தனை முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். மறுநாள் தொடக்கத்தில் அதே அறை மறுபடி விழும். 2024 ஜூனில் முடித்து, அந்த டிசம்பரிலேயே அடுத்த பாகத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கேதான் கத்தரி வேண்டும். இங்கே யாரும் அதைக் கேட்பதில்லை, ஏனென்றால் பத்திரிகைகள் சீரியலை விமர்சனம் செய்வதே இல்லை. அடுத்த வாரம் என்ன நடக்கப்போகிறது என்றும், டிஆர்பியில் யார் முதலிடம் என்றும் எழுதுகிறீர்கள். 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை ஓடி 1500 எபிசோடுகளைத் தாண்டியது. 'மெட்டி ஒலி'யும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஆனால் ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த அந்த அப்பாவின் கவலைக்கு அத்தனை நாள் தேவைப்பட்டது என்று இப்போதும் சொல்வேன். நாகா இயக்கிய 'மர்மதேசம்' வாரத்துக்கு ஒரு நாள்தான். அடுத்த வாரம் வரை 'விடாது கருப்பு' கதையை நாங்களே ஆளுக்கொரு மாதிரி முடித்துப் பார்த்துக்கொண்டிருப்போம். தினமும் ஒரு எபிசோட் என்று ஆன பிறகு, எழுதுகிறவர்களுக்கு மூச்சுவிடவே நேரமில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அவர்களில் சிலர் எவ்வளவு நன்றாக எழுதக்கூடியவர்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் ஆதங்கம்.

ஓடிடி வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைத்தேன். அங்கே வேறு ஒரு அளவு வைத்துவிட்டார்கள். 'சுழல்' முதல் பாகம் 8 எபிசோட், 'வதந்தி' 8, 'அயலி' 8, 'தலைவெட்டியான் பாளையம்' 8. எல்லாக் கதையும் எட்டு முழத் துணியில்தான் தைக்க வேண்டும் என்று யார் சொன்னது? 'அயலி'க்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. வயசுக்கு வந்ததை மறைத்துப் பள்ளிக்கூடம் போகிற தமிழ்ச்செல்வியும், அதைத் தெரிந்துகொண்டு துணை நிற்கிற அம்மாவும்: ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. என் மகளோடு சேர்ந்து பார்த்தேன். அதுவரை நாங்கள் பேசியிராத பல விஷயங்களை அதைச் சாக்காக வைத்துப் பேசினோம். 'சுழல்' மயானக் கொள்ளைத் திருவிழாவோடு கதையைப் பின்னியதால் 8 எபிசோடும் போனதே தெரியவில்லை. 'வதந்தி' அப்படி இல்லை. எஸ்.ஜே. சூர்யா நன்றாக நடித்திருந்தும், நடுவில் இரண்டு எபிசோடுகளுக்குக் கதை நின்ற இடத்திலேயே நின்றது. ஆறில் முடித்திருக்க வேண்டிய கதை என்பது என் கருத்து.

மறுபடி சினிமாவுக்கு வந்தால், 'டூரிஸ்ட் ஃபேமிலி' இரண்டு மணி நேரத்தை ஒட்டிய படம். அதற்கு அது போதும். இலங்கையிலிருந்து வந்த குடும்பம் குடியேறிய தெருவில் ஒரு வயதான அம்மா இறந்துபோகும் இடத்தில் மட்டும் படம் வேகத்தைக் குறைத்து நிற்கிறது. அதுவரை ஒருவரை ஒருவர் எட்டிப் பார்க்காத தெரு அங்கே ஒன்றுகூடுகிறது. அந்த நிதானத்துக்கு யாரும் கத்தரி போடாததற்குச் சந்தோஷப்பட்டேன்.

ஆசிரியர் அவர்களே, மூன்று கோரிக்கைகள். படம் நீளம் என்று உங்கள் விமர்சகர் நினைத்தால், எந்தக் காட்சி, ஏன் என்று இரண்டு வரியாவது எழுதச் சொல்லுங்கள். வெளியான பிறகு ஒரு படத்தைக் குறைத்தால் எத்தனை நிமிடம், என்ன போயிற்று என்பதைச் செய்தியாகப் போடுங்கள். இரண்டாவது வாரம் டிக்கெட் எடுக்கிறவருக்கு எந்தப் படத்தைப் பார்க்கிறோம் என்று தெரிய வேண்டும். அப்புறம், மாதம் ஒரு முறையாவது ஒரு சீரியலைப் படத்தை விமர்சிப்பது போலவே எடுத்து, எழுத்து, நடிப்பு, இழுவை எல்லாவற்றையும் பாரபட்சமில்லாமல் எழுதுங்கள். அதை முதலில் படிக்கிறவள் நானாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.