பாப்பாவுக்கு, மஞ்சக்குப்பத்திலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். போனில் பேச்சை எடுத்தாலே "மீட்டிங்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய ஆபீஸ் வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. கலர் சோபா, போன் பேசத் தனிக் கண்ணாடி அறை, நின்றுகொண்டும் வேலை பார்க்க ஏற்றி இறக்குகிற மேசை. திருப்பாப்புலியூர் கல்யாணத்தில் ஒருவர் விடாமல் காட்டினேன். "உன் இடம் எதும்மா?" என்றதற்கு, யாருக்கும் சொந்த சீட் கிடையாது, காலையில் ஆப்பில் புக் பண்ணுவோம் என்றாய். அதுதான் எனக்கு இன்னும் மனசில் இறங்கவில்லை.

காரணம் புரியாமல் இல்லை. 2020-க்கு அப்புறம் வாரத்தில் பாதி நாள்தான் ஆள் வருகிறது, காலி நாற்காலிக்கு எதற்கு வாடகை என்று கம்பெனி கணக்குப் பார்க்கிறது. தடுப்பை எடுத்தால் ஆட்கள் கலந்து பேசுவார்கள் என்றும் சொன்னாய். ஆனால் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள், யார் யாரோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்று கம்பெனி ஊழியர்கள் கழுத்தில் கருவி மாட்டி அளந்திருக்கிறார்கள். 2018-ல் வந்த ஆய்வு. தடுப்பை எடுத்த பிறகு நேரில் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மெயில் கூடியிருக்கிறது. படித்ததிலிருந்து உன் நினைப்புதான். பக்கத்து சீட்டில் தினம் ஒரு ஆள் என்றால், நீ நாலு நாள் வராவிட்டால் யார் கேட்பார்கள்?

எங்கள் ஆபீஸும் ஒரே ஹால்தான். 2011-ல் தானே புயல் அடித்தபோது நனைந்த பைல்களை அந்த ஹாலில்தான் எல்லோருமாக விரித்துக் காயவைத்தோம். ஆனாலும் அவரவர் மேசை, அவரவர் டிராயர் சாவி. ஒருநாள் சொல்லாமல் நின்றால் சாயங்காலம் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும்.

துணிக்கடையில் நிற்கிற பிள்ளைகளுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று 2021-ல் நம் சட்டசபையே சட்டத்தைத் திருத்தியது. இவ்வளவு படித்த பெண்ணுக்கு நிலையாக ஒரு நாற்காலி இருக்கக் கூடாதா?

மதியம் நேரத்துக்குச் சாப்பிடு. கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப் பார்க்காதே.

பொங்கலுக்கு வந்தபோது லேப்டாப் பையே இல்லை. கழுத்தில் மாட்டுகிற நீலக் கார்டும் இல்லை. அம்மா கேட்கச் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். ஆபீஸில் லாக்கர் உண்டு என்று சொல்லியிருக்கிறாயே, அதில் வைத்திருப்பாய்.

மாடி ரூமுக்கு வெள்ளையடித்து, ஃபைபர் லைனும் இழுத்தாச்சு. முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். வீட்டில் கவனம் வராது என்றால் பாண்டியிலும் இப்போது மேசையை நாள் வாடகைக்கு விடுகிறார்கள், பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். வந்தால் எத்தனை நாள் லீவு என்று நாங்கள் கேட்க மாட்டோம். அத்தையும் கேட்க மாட்டாள், சொல்லிவைத்திருக்கிறேன்.

மதியம் சாப்பிடு. இந்த மாத வாடகை கட்டியாச்சா? பழைய அக்கவுன்ட்தானா, மாற்றிவிட்டாயா? பதில் எழுத நேரமில்லை என்றால் அந்த நம்பரை மட்டும் அனுப்பு.

அப்பா