ஸ்கோர் மறுநாள் வரட்டும், தேதியை முன்னாலேயே போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துக்கு இடம் கிடைப்பதே பெரிய விஷயம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாமே ஆட்டம் முடிந்த மறுநாள்தான் வருகிறது. யார் ஜெயித்தது என்று என் பையன் ராத்திரியே போனில் பார்த்துச் சொல்லிவிடுகிறான். எனக்கு வேண்டியது தேதி, அதுவும் இரண்டு மாதம் முன்னால், ஏனென்றால் நான் இருப்பது திருவாரூரில்.

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, கொச்சியில் எங்கள் அணியான சென்னையின் எஃப்சிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஆட்டம். அட்டவணை ஆகஸ்டிலேயே வந்துவிட்டதாம். எனக்குத் தெரிந்தது தீபாவளிப் பலகாரம் தீர்ந்த பிறகு. காரைக்காலிலிருந்து வரும் எர்ணாகுளம் வண்டி, எங்கள் பக்கம் டீ கார்டன் என்போமே, அதில் ஏறினால் தஞ்சாவூர், திருச்சி, ஈரோடு, கோவை, பாலக்காடு என்று மாறாமலேயே போய்விடலாம், ராத்திரி தூங்கி காலையில் இறங்க வேண்டியதுதான். ஆனால் வாரக் கடைசியில் அந்த வண்டியில் இடம் எங்கே இருக்கிறது? வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வந்த மலையாளிகள் ஊர் திரும்புவதும் அதில்தான். வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்லை. முதல் நாள் 11 மணிக்குத் தட்கல் திறந்தது, பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது, நின்றபோது எல்லாம் போயிருந்தது.

சரி என்று நான், மச்சினன், பையன் மூன்று பேரும் அன்ரிசர்வ்டில் ஏறினோம். பாத்ரூம் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம் (உங்கள் பேப்பர்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்). மடியில் புளிசாதத் தூக்கு. எங்கள் அணியின் நீல ஜெர்சியை உள்ளே போட்டு மேலே சட்டை போட்டிருந்தான் பையன், பாலக்காடு தாண்டியதும் பட்டனைக் கழற்றிவிட்டான்.

ஆட்டத்தைப் பற்றி நான் என்ன சொல்ல, 3-0 என்று தோற்றோம். கொச்சியின் கலூர் மைதானம் முழுக்க கேரளாவின் மஞ்சள், ஒவ்வொரு கோலுக்கும் காது அடைத்துப்போனது, நாங்கள் ஓரத்தில் ஒரு கைப்பிடி நீலம். இரவு ஏழரைக்கு ஆரம்பித்த ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. மெட்ரோவைப் பிடித்து எர்ணாகுளம் சவுத்தில் இறங்கி ஓடினோம். அதே வண்டி, அதே அன்ரிசர்வ்டு பெட்டி, ஆனால் உள்ளே முக்கால்வாசி மஞ்சள் ஜெர்சிப் பையன்கள். எங்களைப் பார்த்ததும் மூன்று விரலைக் காட்டினார்கள். மச்சினனுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் அவர்களில் ஒருவன் "அண்ணா, குட்டி இங்க இருக்கட்டே" என்று நகர்ந்து, என் பையனுக்கு ஜன்னலோரம் இடம் விட்டான். புளிசாதம் இரண்டாம் நாளும் கெடவில்லை, திருச்சூரில் அவர்கள் இறங்குவதற்குள் தூக்கு காலி. திங்கட்கிழமை லீவு போட்டதற்கு ஆபீஸில் என்ன காரணம் சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

இன்னொன்று. சென்னைக்காரர்களுக்குப் பெரியமேடு நேரு ஸ்டேடியம் சொந்த மைதானம், எங்களுக்கு அதுவும் வெளியூர்தான். 300 கிலோமீட்டர் போய்ப் பார்த்துவிட்டு, எழும்பூருக்கு நடந்து வந்து மன்னை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும், அதற்கும் பெர்த் முன்கூட்டியே போட்டாக வேண்டும். முன்பு 120 நாளுக்கு முன்னால் டிக்கெட் எடுக்கலாம், 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. ஆக எந்த நாளில் போய் க்யூவில் நிற்பது என்று தெரிந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கால்பந்து.

அதனால் கேட்கிறேன். சீசன் அட்டவணை வெளியானதும் சென்னையின் எஃப்சி ஆட்டங்களை மட்டுமாவது, எந்த ஊர், என்ன தேதி, எத்தனை மணி என்று ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்கள். தேதி மாறினால் அதையும் போடுங்கள். ராசிபலனுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதி போதும். நான் அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்வேன், அடுத்த கொச்சி ஆட்டத்துக்கு படுத்துக்கொண்டே போகலாம் என்று பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திருவாரூர் வாசகர் ஒருவர்