அந்த ஆறு கால் படம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், ‘ஹெர்பீஸ் வைரஸ் செல்லைத் துளைத்துத் தன் மரபணுவை உள்ளே செலுத்துகிறது’ என்று எழுதி, ஆறு கால்களோடு நிற்கும் படம் ஒன்றையும் போட்டிருந்தீர்கள். அது பாக்டீரியாவைத் தாக்கும் டி4 ஃபேஜ். 31 ஆண்டுகள் அதைக் கரும்பலகையில் வரைந்தவள் நான். மனிதரை அது சீண்டுவதே இல்லை.

தாங்கள் அறியாததல்ல. ஹெர்பீஸ் வைரஸுக்குக் கொழுப்பாலான உறை உண்டு. உதட்டில் கொப்புளம் வரவழைக்கும் வகை, முதலில் செல்லின் மேலுள்ள ஹெப்பரான் சல்ஃபேட் என்னும் சர்க்கரை இழைகளில் ஒட்டுகிறது. அதன் உறையில் முட்களாக நிற்கும் புரதங்களுக்கு டி, எச், எல், பி என்று எழுத்துப் பெயர்கள். டி புரதம் செல்லின் மேலுள்ள நெக்டின்-1 போன்ற ஏற்பியை, அதாவது வைரஸ் பற்றிக்கொள்ளும் புரதத்தை, பிடித்ததும் எச்-எல் ஜோடி வழியாக பி புரதம் தூண்டப்படுகிறது. பி நீண்டு செல்சவ்வில் பதிந்து, கொண்டை ஊசிபோல் மடங்கி, உறையையும் சவ்வையும் அருகே இழுக்கிறது. ரசத்தில் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் ஒன்றாவதுபோல் அவை கலந்துவிடுகின்றன. சில செல்களில் வைரஸ் முதலில் விழுங்கப்பட்டு, உள்ளே போன பிறகு இது நடக்கும். மரபணு செலுத்தப்படுவது உண்மைதான். ஆனால் அது உட்கருவின் துளை வாசலில். பி புரதத்தின் வடிவம் 2006-லேயே வெளியாகிவிட்டது. தங்கள் அலுவலகத்துக்குத் தகவல் வந்துசேரவில்லை போலும்.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்பீர்கள். போன ஆண்டு எனக்கே அக்கி வந்தது. சிறுவயதுச் சின்னம்மையின் வைரஸ், அதுவும் ஹெர்பீஸ் குடும்பம்தான், இத்தனை காலம் நரம்பு முடிச்சில் பதுங்கியிருந்தது, வலது விலாவில் வரிசையாகக் கொப்பளித்தது. (இதனிடம் டி புரதம் கிடையாது, பி-யும் எச்-எல் ஜோடியுமே போதும்.) 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குவது நல்லது என்று தெரிந்திருந்தும், நாத்தனார் பேச்சைத் தட்ட முடியாமல் குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டேன். மருத்துவரிடம் போனது ஐந்தாம் நாள். இன்றும் சேலை உரசினால் அந்த இடம் எரிகிறது.

அதே நாத்தனார் இப்போது உங்கள் பத்திரிகையை நீட்டி, “இத்தனை காலோடு துளைத்துக்கொண்டு போவதை மாத்திரையா தடுக்கும், அண்ணி?” என்கிறார். அசைக்ளோவிர் மாத்திரை வைரஸின் நுழைவைத் தடுப்பதில்லை, டி.என்.ஏ. நகலாவதைத்தான் தடுக்கிறது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

டெங்கு கட்டுரைக்கு மலேரியா கொசுவின் படம் போட்டீர்கள். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிடச் சொன்னீர்கள். இரண்டுக்கும் கடிதம் எழுதினேன். முதலாவது வரவில்லை. இரண்டாவது வந்தது, நான் சொன்னதற்கு நேர் எதிரான பொருள் வரும்படி கத்தரிக்கப்பட்டு.

உறையும் முட்களும் கொண்ட சரியான உருண்டைப் படம் ஒன்றை அடுத்த இதழில் போட்டால் போதும். தபால்தலை அளவு இருந்தாலும் சரி. ராசிபலன் பக்கத்தின் ஓரத்தில் இடம் இருக்குமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்