ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை ரத்து செய்

அன்பு மகள் ரோசிக்கு,

மூன்று பேராகப் பாய்மரப் படகில் தூத்துக்குடியிலிருந்து பாம்பனுக்குப் போக நீ அனுப்பிய பயணத் திட்டம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி இருந்ததால் தெருமுனைக் கடையில் பெரிதாக அச்சடித்து வாங்கிவந்தேன். இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் கிடக்கிறது. தட்டு வைக்க இடமில்லை என்று அம்மாவுக்குக் கோபம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நல்லது. வடகிழக்கு வாடை ஓய்ந்திருக்கும், தென்மேற்குக் கச்சான் தொடங்கியிருக்காது. பௌர்ணமியை ஒட்டி வைத்துக்கொண்டதும் சரி. தூத்துக்குடியிலிருந்து பாம்பனுக்கு நீ போட்டிருக்கும் கோடும், தீவுகளுக்கு வெளியே, பத்துப் பாகத்துக்கு (ஒரு பாகம் ஆறு அடி) குறையாத தண்ணீரில் இருந்தால் சரிதான். நான் பென்சிலால் இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறேன். இங்கிருந்து பாம்பன் வரைக்கும் வரிசையாக 21 தீவு. எல்லாம் தாழ்ந்த மணல் திட்டு, ராத்திரியில் கண்ணுக்குப் படாது. விலாங்குச்சல்லி மாதிரி ஒன்றிரண்டு தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன, ஆனால் பவளப் பார் அங்கேயேதான் இருக்கிறது. போனில் வரும் மேப்பில் அது நீலமாகத்தான் தெரியும். டேராடூனில் கடற்படைக்காரர்கள் போடும் சார்ட் இருக்கிறதே, அதை வாங்கி வைத்துக்கொள்.

நல்லதண்ணித் தீவில் இறங்கி மதியச் சாப்பாடு என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுச் சிரித்தேன். 1986-லிருந்து அந்தத் தீவுகள் எல்லாம் கடல் தேசியப் பூங்கா. கால் வைத்தால் வனத்துறைக்காரர்கள்தான் உனக்குச் சாப்பாடு போடவேண்டியிருக்கும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 68 கடல்மைல், மணிக்கு 5 மைல், 14 மணி நேரம் என்று போட்டிருக்கிறாய். உன் படகு 22 அடி. நல்ல காற்றில் அது 5 போகும், நான் மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க நல்ல காற்று அடிக்கும் என்று யார் சொன்னது? காலை பத்து மணி வாக்கில் கரைக்காற்று செத்து, கடல்காற்று எழும்புவதற்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். சாயங்காலமும் அப்படித்தான். 3 என்று போடு. 23 மணி நேரம் வரும். அதற்குக் குறைவாக எடுத்தால் லாபம் என்று வைத்துக்கொள்.

அந்த 23-ஐக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணு. பாம்பனுக்குப் பக்கத்தில் போகும்போது வெயில் ஏறியிருக்கவேண்டும். குருசடை, பூமரிச்சான் தீவுகள் பக்கம் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தான் போகமுடியும். காலை ஒன்பது மணிக்கு அங்கே இருக்கவேண்டுமென்றால் முந்தின நாள் காலை பத்து மணிக்கு இங்கே நங்கூரம் எடுக்கவேண்டும். நீ வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி என்று எழுதியிருக்கிறாய். அப்படிக் கிளம்பினால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள், நாட்டுப் படகுக்காரர்கள் விட்டிருக்கும் வலைகள் எல்லாவற்றையும் இருட்டிலேயே தாண்டவேண்டும். காலையில் கிளம்பினால் மதியம் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று, ராத்திரி கரைக்காற்று, இரண்டுமே உனக்கு விலாப்புறம்தான் வரும். ஒரு பக்கத்துப் பாயை மறுபக்கம் மாற்றினால் போதும். நடுராத்திரி தாண்டிக் கீழக்கரை விளக்கு இடது பக்கம் தெரியும், அது பின்னால் போகப் போக உனக்குத் தெம்பு வரும்.

இன்னொன்று. பகல் இரண்டு மணிக்கு வைப்பாறு நேருக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லையென்றால் திரும்பிவிடு. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். இதை இப்போதே எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய் யோசித்தால் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றுதான் மனசு சொல்லும்.

அப்புறம், தாளின் அடியில் சின்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறாய்: ஞாயிறு ராத்திரி ராமேஸ்வரத்திலிருந்து ரயில், திங்கள் ஆபீஸ். இந்தத் தாளில் எனக்குப் பயமாக இருப்பது அந்த வரிதான். பாரும் வலையும் எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

உனக்கு ஆறு வயதிருக்கும்போது நடந்ததை நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. அம்மாவுக்கே பாதிதான் தெரியும். தோணிகளுக்கு எஞ்சின் வைக்காத காலம். கொழும்பில் சரக்கு இறக்கிவிட்டு வெறுந்தோணியாக நின்றோம். டிசம்பர் 22. வடக்கே அடிவானத்தில் சாம்பல் பூசினமாதிரி ஒரு பட்டை. என்னைவிட மூத்த தண்டல்கள் (தோணித் தலைவர்கள்) இரண்டு பேர் பக்கத்துத் தோணிகளில் இருந்தார்கள், நங்கூரத்தைத் தொடவில்லை. ஒருவர் என்னைக் கூப்பிட்டு "ரெண்டு நாள் பொறுவே" என்றார். 150 மைல்தானே, காற்று விலாவில்தானே வருகிறது என்று நான் கிளம்பிவிட்டேன். பெட்டியில் உனக்கு வாங்கிய சிவப்பு ஷூ இருந்தது. கிறிஸ்துமஸ் பூசைக்கு நீ அதைப் போட்டுக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான் காரணம்.

இரண்டாம் நாள் ராத்திரி வாடை முறுகியது. வெறுந்தோணி தண்ணீரைப் பிடித்து நிற்காது, தக்கை மாதிரிக் காற்றோடு போகும். பாயைக் குறைக்க ஆள் ஏறுவதற்குள் பாயைத் தாங்கும் பருமல் கட்டை நடுவில் ஒடிந்து பாயோடு தளத்தில் விழுந்தது. ஒரு பையனுக்குத் தோள்பட்டை விலகிவிட்டது, விடியும் வரை அவன் அழுத சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி இறக்கி இறக்கி, ஒட்டி வரும் மண்ணைப் பார்த்தோம். முதலில் சேறு, அப்புறம் சேறும் சிப்பியும், அப்புறம் நல்ல மணல். கரை கிட்டத்தில் வருகிறது என்று தெரிந்து நங்கூரம் போட்டோம். வெளிச்சம் வந்தபோது மணப்பாட்டுக் குன்றும் கோவிலும் எதிரே நின்றன. தூத்துக்குடிக்கு எவ்வளவோ தெற்கே போயிருந்தோம். நான் வீட்டுக்கு வந்தது 28-ஆம் தேதி. ஷூ உப்பில் ஊறி விறைத்துப்போயிருந்தது. நீ அதையும் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் நடந்தாய்.

பொறுத்துக் கிளம்பின அந்த இரண்டு தோணிகளும் ஒரு கயிறு அறாமல் வந்து சேர்ந்தன.

அதனால், ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டை ரத்து செய். லீவைக் குறைந்தது வியாழன் வரைக்கும் எடு. வானிலை அலுவலகம் மீனவர்களுக்கு எச்சரிக்கை போட்டிருந்தாலோ, ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் இன்காய்ஸ் அலை உயரத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தாலோ இங்கே வீட்டில் உட்கார்ந்து அம்மா வைக்கும் குழம்பைச் சாப்பிடுங்கள்.

பாம்பன் பாலத்தைத் தாண்டி வடக்கே போகும் யோசனையை இந்தத் தடவை விடு. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் செங்குத்தாகத் தூக்குகிறது, உன் பாய்மரம் தாராளமாகப் போகும், அதில்லை பிரச்சினை. துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, அவர்கள் தூக்கும் நாளுக்குக் காத்திருக்கவேண்டும். நீவாடும் (நீரோட்டம்) அந்த இடுக்கில் இழுக்கும். தெற்குப் பக்கம் குந்துகாலில் முடித்துக்கொள். "காற்று நன்றாக இருந்தால் தனுஷ்கோடி" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்ததை நான் அடித்துவிட்டேன். அங்கே மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், இலங்கை எல்லைக்கோடும் கிட்டத்தில். போகக்கூடாது.

கிளம்புவதற்கு முன்னால் கடலோரக் காவல் போலீசிடம் மூன்று பேர் பெயர், படகின் நிறம், போகும் வழி எல்லாம் எழுதிக் கொடு. ஒரு நகல் எனக்கு. வி.எச்.எஃப் ரேடியோ 16-ஆம் சேனலில் இருக்கட்டும். கடலோரக் காவல்படை எண் 1554, போனில் மட்டுமில்லை, படகின் உள்பக்கப் பலகையிலும் பெயிண்டால் எழுது. சுக்கான் பக்கத்தில் ஒரு நல்ல கத்தி கட்டி வை, வலைக்கயிறு சுற்றினால் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

உன் படகில் ஆழம் காட்டும் மெஷின் இருக்கிறது, தெரியும். பேட்டரி போனால் அது சும்மா கண்ணாடிதான். நேற்று உட்கார்ந்து உனக்கு ஒரு ஈயக்கயிறு கட்டினேன். 15 பாகம் நீளம், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முடிச்சு, ஐந்துக்கு வெள்ளைத் துணி, பத்துக்குச் சிவப்புத் துணி. இருட்டில் விரலால் தடவினால் தெரியவேண்டும் என்று ஒன்று பருத்தி, ஒன்று கம்பளி. கம்பளி எதிலிருந்து வெட்டினேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே. குண்டின் அடியில் குழி இருக்கிறது, கொழுப்பு கிடைக்காவிட்டால் சோப்பை அமுக்கு. பார்சல் இன்றைக்குப் போகிறது. சிவப்புத் துணி நனையாமல் கையில் நின்றால், அதாவது பத்துப் பாகத்துக்குள் குண்டு தரை தட்டினால், உடனே வெளியே திருப்பு.

டிக்கெட்டை ரத்து செய்த மெசேஜை எனக்கு அனுப்பு. அப்புறம் நான் பௌர்ணமி பார்த்துத் தேதி சொல்கிறேன்.

அப்பா