ஜமக்காளத்தில் தொடங்கட்டும் கோல்ஃப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் என்றாலே நம் விளையாட்டுப் பக்கங்களில் வருவது தொழில்முறை வீரர்களின் பரிசுத்தொகையும் 300 கஜம் பறக்கும் முதல் அடிகளான டிரைவ்களும்தான். சேலத்திலிருந்து விடுமுறைக்குக் கோவை, ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு என்று போய் ஆடிவரும் அமெச்சூர்களும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். பலருக்கு ஆட்டம் சீக்கிரமே கசந்துபோவதற்கு இதுதான் முதல் காரணம் என்று திடமாக நம்புகிறேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மைதானத்தின் பார் (நல்ல ஆட்டக்காரருக்கு நிர்ணயித்த மொத்த அடிகள்) 72 என்றால், 18 குழிகளுக்கும் கிரீனில் (குழியைச் சுற்றிய, ஒட்ட வெட்டிய புல்தரை) இரண்டிரண்டு பட் (பந்தை உருட்டும் அடி) என்று 36 அடிகள் அதற்குள் அடக்கம். சரிபாதி! தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை எடுப்பதோ பெரும்பாலும் 14 முறைக்கு மேல் இல்லை. அந்தப் பாதிக்குப் பயிற்சி எடுக்க மைதானமே வேண்டாம். வீட்டுத் தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்து விரியுங்கள். 3 அடி தள்ளி ஒரு டம்ளரைப் படுக்கவைத்து, அதற்குள் பந்தை உருட்டுங்கள். குழியின் விட்டம் 108 மி.மீ.; டம்ளரின் வாய் அதைவிடக் குறுகல். டம்ளருக்குப் பழகிய கண்ணுக்குக் குழி அகலமாகத் தெரியும். பந்துக்கு ஓரடி முன்னால் இரண்டு தீப்பெட்டிகளை 6 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி வைத்தால், உருட்டும் மட்டையான புட்டரின் முகம் திரும்பியிருப்பது உடனே தெரிந்துவிடும். பந்து எங்கே போகிறது என்று அவசரமாகத் தலை தூக்கினால் தோள் திறந்துவிடும், பந்து குறி விலகும். டம்ளரில் சத்தம் கேட்ட பிறகு நிமிர்ந்தால் போதும்.

நீண்ட பட்டில் சிக்கல் வேறு. மூன்று பட் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் திசை அல்ல, வேகம். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் 20, 30, 40 அடி தூரத்திலிருந்து உருட்டிப் பார்த்து அன்றைய கிரீனின் வேகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காலைப் பனியில் பந்து தயங்கும். ஈரம் காய்ந்ததும் ஓடும்.

கிரீன் ஓரத்தில் சிப் (சற்றே பறந்து உருளும் குட்டை அடி) அடிக்கும்போது பந்தைத் தூக்கிவிட நினைப்பதுதான் பெரிய தவறு. அப்படி நினைத்தாலே எடை பின்காலுக்குப் போய்விடும். மட்டை பந்துக்கு முன்பே மண்ணில் இறங்கும், இல்லையென்றால் பந்தின் நடுவில் வெட்டி எதிர்ப்பக்கப் புதருக்கு அனுப்பும். எடையில் 60 சதவீதத்துக்கு மேல் இலக்குப் பக்கம் உள்ள முன்காலில் இருக்கட்டும். பந்து சற்றுப் பின்னால், மணிக்கட்டு அசையாமல். மட்டையின் சாய்வே பந்தைத் தூக்கும். சாய்வு அதிகமான பிட்சிங் வெட்ஜ் மட்டையில் ஒரு பங்கு பறந்தால் இரண்டு பங்கு உருளும், சாய்வு குறைந்த 8 அயர்ன் மட்டையில் நான்கு பங்கு. எங்கே விழ வேண்டும் என்று ஓர் இடம் குறித்துக்கொண்டு அதைப் பார்த்தே அடியுங்கள்.

மலை மைதானங்களில் நம்மூர்க்காரர்கள் தடுமாறுவது சரிவில். அதற்கு ஏற்காடு நல்ல பள்ளிக்கூடம். சேர்வராயன் மலையில் சரிவுக்கா பஞ்சம்? பந்தே வேண்டாம். புல்சரிவில் நின்று மட்டையை மட்டும் வீசி, அது புல்லைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். பந்து இருக்க வேண்டிய இடம் அதுதான். தோள்களைச் சரிவுக்கு இணையாக வையுங்கள். பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் வலக்கை ஆட்டக்காரருக்கு அது இடப்பக்கம் திரும்பும்; மட்டையைக் கீழே பிடித்து, வலப்பக்கம் குறி வைக்க வேண்டும். பந்து பாதத்தைவிடத் தாழ்வில் இருந்தால் இதற்கு நேர்மாறு, முழங்காலை இன்னும் மடக்க வேண்டும். உண்மைப் பந்தை மட்டும் அங்கே அடித்துவிடாதீர்கள். கீழ் வளைவில் சாலை இருக்கும், காபித் தோட்டத்தில் ஆட்கள் இருப்பார்கள். இன்னொன்று: உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து பந்து கூடுதலாகப் பறக்கும். ஆயிரம் அடிக்குத் தோராயமாக ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானலில் கிரீனைத் தாண்டிப் போகும் பந்துகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்டத்தை ரசிக்க, குழிக்குக் குழி புள்ளி எடுக்கும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையைப் போன்றது வேறில்லை. இங்கிலாந்து மருத்துவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டின் பெயரில் வழங்கும் இந்த முறையில் 1932இலிருந்து ஆடுகிறார்கள். உங்கள் ஹேண்டிகேப் (தரத்துக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகள்) 24 என்றால் எல்லாக் குழிக்கும் ஒரு ஸ்ட்ரோக், கடினமான ஆறு குழிகளுக்கு இரண்டு ஸ்ட்ரோக் சலுகை. அதைக் கழித்து பார் வந்தால் 2 புள்ளி, பாரைவிட ஒன்று குறைந்தால் (பர்டி) 3, ஒன்று கூடினால் (போகி) 1. மொத்தம் 36 எடுத்தால் உங்கள் தரத்துக்கு ஆடிவிட்டீர்கள். ஒரு குழி கெட்டுப்போனால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நடக்கலாம். பின்னால் வருபவர்களும் காத்திருக்க வேண்டாம். தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிடம்தான்.

கிரீனில் உங்கள் பந்து விழுந்த பள்ளத்தைத் தயவுசெய்து சரிசெய்துவிட்டு நகருங்கள். முள்கருவியை ஓரத்தில் செருகி நடுப்பக்கம் தள்ளுங்கள், நெம்பித் தூக்காதீர்கள். நெம்பினால் வேர் அறுந்து புல் காய்ந்துவிடும். பிறகு புட்டரால் மெல்லத் தட்டினால் போதும்.

இத்தகைய செய்முறைக் குறிப்புகளுக்கும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் மாதம் ஒருமுறை கொஞ்சம் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அமெச்சூர் கோல்ஃப் ஆட்டக்காரர்,
அஸ்தம்பட்டி, சேலம்