முக்கோணம் இல்லாத மலைகள்: நீலகிரிப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கோத்தகிரி வட்டாரத்தில் 32 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படகர்களின் ஹட்டிக்கு ஹட்டி, தோட்டத் தொழிலாளர்களின் லயத்துக்கு லயம் நடந்திருக்கிறேன். உங்கள் பள்ளிகளின் படிகளையும் ஏறியிருக்கிறேன். உங்கள் மாணவர்களில் பலருக்கு முதல் ஊசி போட்டவள் நான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு பாடவேளை, பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே உட்காரவைத்து, கண்முன்னே இருக்கும் ஏதாவது ஒன்றைப் பார்த்து வரையவிடுங்கள். அதற்கு மதிப்பெண் வேண்டாம். பரிசும் வேண்டாம்.

இதை நான் எழுதக் காரணம் என் பேத்தி. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆண்டு ஜூன் தொடங்கி நான்கு மாதம், திங்கட்கிழமை விடிந்தால் அவளுக்கு வயிற்றுவலி. தொட்டுப் பார்த்தேன். மருத்துவரிடம் அழைத்துப் போனோம். ஸ்கேனும் எடுத்தோம். வயிற்றில் ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட வலியோடு என்னிடம் வந்த பிள்ளைகள் ஏராளம். அவர்கள் நடிக்கிறார்கள் என்று பெற்றோர் சொல்வார்கள். இல்லை, அந்த வலி உண்மையான வலி. மனத்தில் இறங்கிய பயத்தை உடம்பு வயிற்றில் காட்டுகிறது, அவ்வளவுதான். அவளுடைய கால அட்டவணையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை ‘ஓவியம்’ என்று அழகாக எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் நடப்பது கணக்குத் தேர்வு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் மலையை எனக்கு வரைந்து காட்டு என்று கேட்டேன். இரண்டு நிமிடத்தில் வரைந்துவிட்டாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முக்கோணம். நடுவில் அரைச் சூரியன். குச்சி குச்சியாகக் கதிர்கள். மலையடிவாரத்திலிருந்து வளைந்து வரும் ஆறு, ஓர் ஓலைக் குடிசை, அதன் பக்கத்தில் ஒரு தென்னை மரம். சன்னல் திறந்தேதான் இருந்தது. வெளியே முக்கோணம் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்து மலைகள் படுத்திருக்கும் எருமையின் முதுகைப்போல உருண்டவை. இந்தக் குளிரில் தென்னை காய்த்து நான் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து இந்த மலையிலேயே வளர்ந்த பிள்ளை, தான் பார்க்காத ஒரு மலையை வரைந்திருந்தாள்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் திட்ட முடியவில்லை. ஏழு வயதில், இலங்கையிலிருந்து வந்து மண்டபம் முகாமில் தங்கியிருந்தபோது, சிலேட்டில் நான் வரைந்ததும் இதே இரண்டு முக்கோணம்தான். அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இங்கே தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். எனக்கும் மலையைப் பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை. உங்கள் பள்ளியில் ஏதாவது ஒரு வகுப்பில் நாளைக்கே ‘மலை வரையுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த வாரம் அவளைக் கொல்லைப்புறத்துப் படியில் உட்காரவைத்தேன். சுவர் ஓரத்தில் வெள்ளிப் பெரணி முளைத்திருந்தது. நம் பிள்ளைகள் பறித்துப் புறங்கையில் வைத்து அடிப்பார்களே, வெள்ளைத் தூளாக இலையின் அச்சு விழுமே, அதுதான். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தையும் ஒரு பென்சிலையும் கொடுத்து, இதை மட்டும் வரை என்றேன். முதல் ஐந்து நிமிடம் வரவில்லை வரவில்லை என்று முனகினாள். பிறகு பேச்சு நின்றது. வெகுநேரம் கழித்து, “பாட்டி, இதன் தண்டு கறுப்பாக இருக்கிறது. இத்தனை நாளும் பச்சை என்று நினைத்திருந்தேன்” என்றாள். அவள் தோள் இறங்கியிருந்ததை நான் கவனித்தேன். காய்ச்சல் விட்ட பிள்ளையிடம் தெரியும் தளர்வு அது. செவிலியர் கண்ணுக்கு அது தப்பாது.

அன்றோடு வயிற்றுவலி போய்விட்டது என்று எழுதினால் அது பொய். மருத்துவர் சொன்னதையும் செய்தோம், அவள் அம்மா வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு மாலையில் வீட்டில் இருக்க ஆரம்பித்தாள். எல்லாம் சேர்ந்துதான் மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் ஞாயிறு மாலை அவள் வரைவதும், அன்றிரவு எழுந்து உட்காராமல் தூங்குவதும் சேர்ந்தே நடந்தன. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஓவியம் மருந்துக்கு மாற்று அல்ல. சாப்பிடாமல், பேசாமல், உயிரை வெறுத்துப் பேசுகிற பிள்ளையை மரத்தடியில் உட்காரவைத்து வரையச் சொன்னால் போதாது. அந்தப் பிள்ளைக்கு மருத்துவர் வேண்டும். மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் 104 என்ற சுகாதார உதவி எண்ணையும் உங்கள் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். நான் கேட்பது அந்த நிலைக்கு வரும் முன், எல்லாப் பிள்ளைகளுக்குமான ஒன்று.

பாட்டியின் அனுபவத்தை வைத்துக் கால அட்டவணையை மாற்ற முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். 2016இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் 39 பெரியவர்களை 45 நிமிடம் களிமண், வண்ணம், ஒட்டுப்படம் என்று விருப்பப்படி ஏதாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது ஏறும் சுரப்பு அது. ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அளவு இறங்கியிருந்தது. முன்பே கலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், அதில் இருந்தவர்கள் பிள்ளைகளும் அல்லர். ஆனாலும் அந்த 45 நிமிடம் என் கண்ணில் பட்டது. நம் ஒரு பாடவேளையின் அளவு அது. நன்றாக வரையத் தெரிந்த நான்கு பேருக்கு மட்டுமல்ல, வகுப்புக்கே இது உதவும் என்ற நம்பிக்கையும் அதில்தான் எனக்கு வந்தது.

பச்சையைப் பார்ப்பது பற்றி என் வேலைக்கு நெருக்கமான வேறொரு ஆய்வு உண்டு. பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் மருத்துவமனைப் பதிவுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஒப்பிட்டு 1984இல் வெளியிட்டார். 23 பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள். 23 பேரின் சன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. நம் பள்ளிகள் எல்லாவற்றிலும் சன்னலுக்கு வெளியே மரம் இருக்கிறது. பிள்ளைகளின் முகம்தான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

லாங்வுட் சோலையை எடுத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் 116 ஹெக்டேர் சோலை, கீழேயுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தரும் காடு. 2024இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நம் மாணவர்கள் அதை ஒரு மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அந்தச் சோலையில் துளிர்விடும்போது புது இலைகள் சிவப்பாக வரும் என்பதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? தூரத்திலிருந்து பார்த்தால் காட்டுக்கு நடுவே பூ மலர்ந்ததுபோல இருக்கும். கிட்டே போனால் எல்லாம் இலை. ஒரு தடவை அந்தச் சிவப்பைக் கலக்கிப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது. எந்தச் சிவப்புக் குப்பியிலும் அது நேராகக் கிடைக்காது.

நம் மாவட்டத்தில் பார்த்து வரைவது புதிய பழக்கமும் அல்ல. 1840களில் நீலகிரித் தாவரங்களைப் பற்றி நூல் அச்சிட்ட ராபர்ட் வைட் என்ற மருத்துவருக்கு ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் படம் வரைந்தார்கள். இலை நரம்பும் மகரந்தத் தாளும் பிசகாமல் வரைந்த கைகள் அவை. கோவிந்துவின் உழைப்பை மதித்து ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று வைட் பெயர் வைத்தார். வகைப்பாட்டில் அந்தப் பெயர் பின்னால் நிலைக்கவில்லை. படங்கள் இருக்கின்றன. இந்த இருவரின் பெயரை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே வரைந்தவர்கள் இங்கே உண்டு. வெள்ளரிக்கொம்பைப் பக்கம் எழுத்துப் பாறையில் காவி நிறத்தில் உருவங்கள் இருக்கின்றன. அந்த ஊர்க் குறும்பர்கள் அவற்றைத் தங்கள் முன்னோர் வரைந்தவை என்கிறார்கள். இன்றும் வரைகிறார்கள். வேங்கை மரத்துப் பிசின், மண், இலைச்சாறு ஆகியவைதான் பழைய வண்ணங்கள். செங்குத்துப் பாறையில் கொடி ஏணி கட்டித் தேன் எடுப்பதை அவர்கள் வரைந்த படத்தில் பார்த்தால், தேனீ எந்தப் பக்கம் பறக்கிறது என்பதுகூடத் தெரியும். தோடர் பெண்களின் பூவேலை இன்னொரு வகைப் பார்வை. துணியில் கோடு போட்டுக்கொள்வதில்லை. நூலிழைகளை எண்ணி எண்ணி, சிவப்பிலும் கறுப்பிலும் ஊசியை ஓட்டுகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. என் பணிக்காலத்தில் ஒரு மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்குப் போனபோது, பேறுகாலத்துக்குக் காத்திருந்த ஒரு பெண் சுவரில் சாய்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், அதைக் கீழே வை என்றேன். “எண்ணிக்கை விட்டுப்போகும், இந்த வரிசை முடியட்டும்” என்றாள். காத்திருந்தேன். அளவு சரியாகவே இருந்தது.

இந்தக் கலைஞர்களை ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். வகுப்பு எடுக்க அழையுங்கள். வந்துபோகும் பஸ் செலவும் ஒரு நாள் ஊதியமும் கொடுத்து, ஆசிரியர் என்ற மரியாதையோடு அழையுங்கள். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு குறும்பர் வீட்டுப் பிள்ளை, தன் மாமா கரும்பலகைக்கு முன் நிற்பதைப் பார்க்கும்போது எப்படி நிமிர்ந்து உட்காரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

போட்டி வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? ‘இயற்கையைக் காப்போம்’ என்று தலைப்புக் கொடுத்தால் நூறு பிள்ளைகளில் தொண்ணூறு பேர் இரண்டு கைகளுக்கு நடுவே பூமி உருண்டையை வரைகிறார்கள். பரிசு பெற்ற பழைய படத்தைப் பார்த்து வரைந்தது அது. பரிசு என்று வந்தவுடன் கண் செடியை விட்டுவிட்டு நடுவரைப் பார்க்கத் தொடங்கிவிடும். தோற்கும் பயம் அங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பயத்திலிருந்து ஒரு பாடவேளை விடுதலை கேட்கிறோமோ, அதே பயம்.

உங்கள் சிரமங்கள் எனக்குத் தெரியும். பாடத்தை முடிக்க வேண்டும், மேலிடத்துக்குத் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் ஓவிய ஆசிரியரே இல்லை, இருப்பவர் பகுதிநேரமாக அலைகிறார். இதற்கு ஓவியம் தெரிந்தவர் கட்டாயமில்லை. தாவரவியல் ஆசிரியர் போதும், தமிழாசிரியரும் போதும். பிள்ளைகளோடு சேர்ந்து தானும் உட்கார்ந்து வரைகிற ஒருவர் வேண்டும், மேற்பார்வை பார்த்து நிற்பவர் வேண்டாம். காட்டெருமையும் கரடியும் பற்றிய கவலை மிகவும் சரியானது. ஊருக்குள்ளேயே அவை வரும் காலம் இது. அதனால் காட்டுக்குள் கூட்டிப்போகச் சொல்லவில்லை. சோலைக்குப் போவதென்றால் வனத்துறையின் அனுமதியோடு, ஆள் துணையோடு, ஆண்டுக்கு ஒரு முறை போனால் போதும். மற்ற வாரங்களுக்குப் பள்ளி வேலிக்குள் இருப்பதே ஏராளம். சில்வர் ஓக் மரத்தின் உதிர்ந்த இலை ஒன்றை எடுத்துப் புரட்டினால் மேலே பச்சை, அடியில் வெள்ளி. சுவரில் பாசி இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் அந்த இலையை மேசைமேல் வைத்து வரையலாம். வண்ணத்துக்குத் தேயிலைச் சாயம், செம்மண், மஞ்சள், அடுப்புக்கரி. செடியைப் பறிக்காமல் விழுந்ததை மட்டும் எடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பத்தாம் வகுப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்று கேட்பீர்கள். கொடுக்காதீர்கள், ஐயா. கொடுக்காதீர்கள், அம்மா. ஜனவரியில் திருப்புதல் தேர்வு நடக்கும் வாரங்களில் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். எல்லாரையும்விட அவர்களுக்குத்தான் அந்த 45 நிமிடம் வேண்டும்.

என்னிடம் நாற்பது அட்டைகளும் கிளிப்புகளும் பென்சில்களும் இருக்கின்றன. ஓய்வூதியத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். தாள் நீங்கள் கொடுத்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய நாள்காட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு எந்தப் பள்ளி அழைத்தாலும் வருவேன். முதல் பஸ்ஸில் கிளம்பினால் தொலைவில் உள்ள பள்ளிக்கும் வந்து சேர்ந்துவிடலாம். வாசலில் இருக்கும் காவலரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். துணிப்பையோடு ஒரு வயதான அம்மா வருவார், உள்ளே விடு என்று.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோத்தகிரி